சீப்பு வருவதற்குள் எடுத்த படம்

நம்ம தோட்டத்தில் பிறந்து, அந்தப் பள்ளிக்கூட முகாமில் ஒன்றாகக் கிடந்து, இன்றைக்குத் தலை நரைத்துப்போன உங்களுக்குத்தான் எழுதுகிறேன். வேறு யாருக்கும் இல்லை.

புத்தகம் போடுகிறோம், அந்தக் காலத்தைப் பற்றி ஆளுக்குக் கொஞ்சம் எழுதித் தாருங்கள் என்று கேட்டீர்கள். நான் ஐந்தாம் வகுப்போடு கொழுந்துக்கூடை தூக்கினவள். எனக்கு வராது என்று சொல்லிவிட்டேன். அப்புறம் தோட்டத் தலைவர் மகன் போன் பண்ணினார். அட்டையில் உங்க அம்மா படத்தைத்தான் போடப் போறோம் அக்கா, உலகமே பார்த்த படமில்லையா என்றார். சந்தோசமாகச் சொன்னார். எனக்கும் சந்தோசமாக இருக்கும் என்று நினைத்துச் சொன்னார்.

போனை வைத்துவிட்டு எழுத உட்கார்ந்தேன். ஆசையில் எழுதவில்லை. கோபத்தில் எழுதுகிறேன். முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள்.

படம் உங்களுக்குத் தெரியும். வருசா வருசம் அந்த மாதம் வந்தால் நீங்கள்தானே போனில் அனுப்புகிறீர்கள். வகுப்பறைச் சுவரில் சாய்ந்து ஒரு பொம்பளை. தலை விரிந்து கிடக்கிறது. சட்டை தோளில் கிழிந்திருக்கிறது. மடியில் பிள்ளை பால் குடிக்கிறது. ஒரு கையைப் பார்க்கிறவர்கள் பக்கம் நீட்டியிருக்கிறாள். கீழே "கையேந்தும் தாய்" என்று எழுதியிருக்கும். அதற்குக் கீழே நீங்கள் அழுகிற பொம்மைகளை வரிசையாகப் போடுவீர்கள்.

அவள் என் அம்மா. மடியில் இருப்பது என் தம்பி. அவள் கையேந்தவில்லை. என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். நான் அங்கே நின்றேன்.

*

அம்மாவுக்கு முடி அடர்த்தி. பன்வில மலையில் காலைக் குளிர் எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் குளிரில், வேலைக்குக் கூப்பிடுகிற பெரட்டுச் சத்தம் கேட்பதற்கு முன்னால், விளக்குக்கூட ஏற்றாமல் அடுப்படியில் உட்கார்ந்து தலை சீவுவாள். சீப்பு முடிக்குள் இறங்குகிற சத்தம் கேட்டுத்தான் நான் விழிப்பேன். சரக், சரக் என்று இருக்கும். கொண்டை போட்டு முடிக்காமல் வாசல் இஸ்தோப்பில் கால் வைக்க மாட்டாள். பிள்ளை பெற்ற மறுநாளும் அப்படித்தான் என்று லயத்தில் பக்கத்துக் காம்பராவில் இருந்த கிழவி கேலி பண்ணுவாள். ஏன்டி, கொழுந்து பறிக்கப் போறியா, கலியாணத்துக்குப் போறியா என்பாள். அம்மா கொண்டை ஊசியை வாயில் கடித்துக்கொண்டு சிரிப்பாள்.

அப்பாவுக்கு இந்தியாப் பைத்தியம். அவர் இந்தியாவைப் பார்த்ததில்லை. அவரைப் பெற்றவரும் பார்த்ததில்லை. ஆனால் இந்தியாவுக்குப் போக மனுப் போட்டவர்கள் கப்பல் ஏறிக்கொண்டிருந்தார்கள். அங்கே வீடு தருவார்கள், இங்கே போல மலையில் நின்று யாரும் அதட்ட மாட்டார்கள் என்று அப்பா சொல்வார். பாஸ்போட்டுக்குக் குடும்பப் படம் வேண்டும் என்று எல்லாரையும் கண்டிக்குக் கூட்டிப் போனார்.

மணிக்கூண்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் அந்தப் படக்கடை. ஏறும்போதே மருந்து வாடை மூக்கில் அடித்தது. பின்னால் திரையில் குளமும் அன்னமும் வரைந்திருந்தது. அன்னத்தின் கழுத்தில் சாயம் உதிர்ந்து போயிருந்தது. கடைக்காரர் சிங்களவர். தமிழ் கொஞ்சம் பேசுவார். சுவரில் கண்ணாடி மாட்டி, அதன் ஓரத்தில் சீப்பைக் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்தார். பவுடர் டப்பாவும் இருந்தது. அவர் அம்மாவிடம் சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

"அவசரம் இல்ல. தலை சீவுங்க. காது ரெண்டும் தெரியணும்."

பாஸ்போட்டுக்கு அதுதான் சட்டம். காது இரண்டும் தெரிய வேண்டும். அம்மா சீவினாள். எனக்குச் சீவிவிட்டாள். தம்பிக்கு முடியே இல்லை, இருந்தும் அவன் தலையிலும் ஒரு தடவை ஓட்டினாள். அதுவரைக்கும் அந்த ஆள் கதிரையில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். அம்மா திரும்பி, சரி என்று தலையசைத்த பிறகுதான் எழுந்து கறுப்புத் துணிக்குள் போனார்.

அந்தப் படம் நன்றாக இருந்தது. அப்பா அதை டிரங்குப் பெட்டியில், மனுக் கடுதாசிக்கு மேலே வைத்திருந்தார். அம்மா வேலை முடிந்து வந்து சில நாள் பெட்டியைத் திறந்து பார்ப்பாள். பார்த்துவிட்டு மூடுவாள்.

பெட்டியோடு எரிந்தது.

*

கலவரத்தில் நம்ம லயத்தை எரித்ததை நான் எழுதப் போவதில்லை. நீங்களும் தேயிலைக்குள் கிடந்தவர்கள்தான். ஓடும்போது அப்பா கையில் அகப்பட்டது குடை. அம்மா கையில் தம்பி. செடிக்குள் குனிந்து ஓடியதில் தேயிலை வாது இழுத்து அவள் சட்டை தோளில் கிழிந்தது. தம்பி அழாமல் இருக்க மார்போடு அமுக்கிப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். ஊசிகள் எங்கோ விழுந்து கொண்டை அவிழ்ந்துவிட்டது. விடிந்து லொறி வந்து ஏற்றியபோது அவள் முதலில் செய்தது, முந்தானையை எடுத்துத் தலையை மூடினது.

கண்டியில் அந்தப் பள்ளிக்கூடம். மேசைகளை ஓரத்தில் அடுக்கிவிட்டு எங்களை உள்ளே விட்டார்கள். கரும்பலகையில் யாரோ பாதி எழுதிய கணக்கு அப்படியே இருந்தது. ஈரத்துணி வாடை, பருப்பு வாடை, சோக்குத் தூள் வாடை. மூன்றும் கலந்து ஒரு வாடை. இன்றைக்கும் பேரப்பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்குப் போனால் வாசலில் நின்றுவிடுவேன். உள்ளே போக மாட்டேன். ஒரு தண்ணிக்குழாய். கதவு உள்ள கக்கூஸ் ஒன்றே ஒன்று. பொம்பளைகள் பட்ட பாட்டை ஆம்பளைகள் யாரும் எழுதி நான் பார்க்கவில்லை.

மாடியில் ஆசிரியர்கள் இருக்கும் அறையில் யாழ்ப்பாணத்து ஐயா ஒருவர் குடும்பத்தோடு இருந்தார். கண்டியில் அரசாங்கக் கந்தோரில் பெரிய வேலை. அவர் வீட்டையும் எரித்துவிட்டார்கள். நல்ல மனுசன், அதையும் சொல்ல வேண்டும். பால்மா வாங்கிக் கொடுத்தது அவர்தான். பொலிசோடு பேசினது அவர்தான். அவருடைய அம்மா, மனைவி, மகள் எல்லாரும் மேலேதான். கதவில் சேலையைத் திரையாகக் கட்டியிருந்தார்கள்.

நம் பக்கத்தில் திரை கிடையாது.

கொஞ்ச நாளில் பார்க்க ஆட்கள் வரத் தொடங்கினார்கள். கார்களில் வருவார்கள். வாசலில் நின்று பார்ப்பார்கள். சிலர் பாண் கொண்டு வருவார்கள். சிலர் ஒன்றும் கொண்டு வராமல் நின்று பார்த்துவிட்டு, ச்சொச்சொச்சோ என்றுவிட்டுப் போவார்கள். அந்தச் சத்தம் எனக்கு அப்போதே பிடிக்காது. கோழிக்கு இரை போடும்போது அப்படித்தான் கூப்பிடுவோம்.

*

ஒரு பகல், தூறல். ஐயா குடை பிடித்து ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். கழுத்தில் இரண்டு கேமரா. கொழும்பிலிருந்து பேப்பருக்காக வந்தவர் என்று பிறகு தெரிந்தது. அப்போது தெரியாது. முதலில் கண்டது அப்பா. கேமராவைக் கண்டதும் அவருக்கு ஒரே நினைப்புத்தான்.

பாஸ்போட்டுப் படம் எடுக்க ஆள் அனுப்பியிருக்கிறார்கள் என்று வகுப்பு வகுப்பாக ஓடிச் சொன்னார். கடுதாசி எல்லாம் எரிந்துபோனது இந்தியாக் கந்தோருக்குத் தெரிந்துவிட்டது, அதனால்தான் இங்கேயே அனுப்பிவிட்டார்கள் என்றார். யாரும் சந்தேகப்படவில்லை. படம் என்றால் நமக்கு வேறு என்ன? செத்தால் ஒன்று எடுப்பார்கள். கப்பல் ஏற ஒன்று எடுப்பார்கள். இங்கே யாரும் சாகவில்லை.

ஞாபகம் இருக்கிறதா உங்களுக்கு? நீங்களும் வரிசையில் நின்றீர்கள். குழாயடியில் பிள்ளைகளைப் பிடித்து மூஞ்சி கழுவினார்கள். பருப்புத் தாளிக்க வைத்திருந்த எண்ணெய்ப் போத்தலைச் சமையல்காரனிடம் கெஞ்சி வாங்கி ஆளுக்கு ஒரு சொட்டு தலையில் தேய்த்தார்கள். எல்லாருக்குமாக ஒரே சீப்பு இருந்தது, பாதிப் பல் இல்லாதது. அது கை மாறி மாறிப் போனது. சுவரோரமாகக் குடும்பம் குடும்பமாக நின்றார்கள். புருசன், பெஞ்சாதி, உயரப்படி பிள்ளைகள். தலைவருடைய சட்டையில் ஒரு கைதான் மிச்சம். இல்லாத பக்கத்தைச் சம்சாரத்துக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தி நின்றார். பிள்ளைகளின் முடியைக் காதுக்குப் பின்னால் தள்ளித் தள்ளிவிட்டார்கள். காது ரெண்டும், காது ரெண்டும் என்று அந்த அறை முழுக்க ஒரே பேச்சு.

அவ்வளவு நாளில் அன்றைக்குத்தான் நம் ஆட்கள் மனுசர்களாக நின்றார்கள்.

படக்காரர் உள்ளே வந்தார். பார்த்தார். கேமராவைத் தூக்கவே இல்லை. ஐயாவிடம் இங்கிலிசில் ஏதோ சொன்னார். ஐயா எங்கள் பக்கம் திரும்பினார்.

"இப்பிடி வடிவா நிண்டால் ஒருத்தரும் நம்பமாட்டினம். நீங்கள் நீங்களா இருங்கோ."

நாங்கள் நாங்களாகத்தான் நின்றோம். அது அவருக்குப் புரியவில்லை. படித்தவர். நல்லவர். புரியவில்லை.

தலைவருக்குக் காதோடு ஏதோ சொன்னார்கள். தலைவர் கலைந்து போகச் சொன்னார். இது பாஸ்போட்டுக்கு இல்லை, பேப்பருக்கு, நம்ம கஷ்டம் தெரியிற மாதிரி இருக்கணும், படம் வந்தா அரிசி வரும் என்றார். அரிசி அதற்கு முன்னாலேயே வந்துகொண்டிருந்தது. கோயில்காரர்கள் தந்தார்கள். பேக்கரிக்காரர் ஒருவர் பாண் அனுப்பினார். அவர்கள் யாரும் படம் பார்த்து வரவில்லை. கேள்விப்பட்டு வந்தார்கள்.

அம்மா வரிசையில் இல்லை. தம்பி பசித்துக் கத்தியதால் மூலையில் உட்கார்ந்து பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். சீப்பு அவளிடம் வரவே இல்லை. அந்தப் பாதிச் சீப்பு அவள் முடிக்குள் போகவும் போகாது. மேலே போய் அந்த அம்மாவிடம் ஒரு சீப்புக் கேட்டு வாடி, இப்பக் குடுத்துருவோம்னு சொல்லு என்று என்னை அனுப்பினாள். நான் படியேறினேன். திரைக்கு வெளியே நின்று கேட்டேன். ஐயாவின் மனைவி சீப்பு எடுத்துத் தந்தார். மஞ்சள் நிறம், பெரிய பல், கைப்பிடி வைத்தது. அப்படி ஒரு சீப்பை நான் பார்த்ததில்லை. படியிறங்கும்போது அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தேன்.

நான் வாசலுக்கு வந்தபோது படக்காரர் அம்மாவுக்கு முன்னால் குந்தியிருந்தார். முந்தானை நழுவியிருந்தது. தலை அவிழ்த்துவிட்டபடி, சீப்புக்காக. அம்மா கையை நீட்டி அவரைத் தடுத்தாள்.

"இருங்க. தலை சீவிக்கிறேன்."

கத்தவில்லை. கெஞ்சவில்லை. கண்டிப் படக்கடையில் கேட்ட மாதிரித்தான் கேட்டாள். அங்கே பொறுத்தார்கள். இங்கேயும் பொறுப்பார்கள் என்று நினைத்தாள்.

கிளிக். திரும்பவும் கிளிக். அவருக்குத் தமிழ் தெரியாது என்று சொல்வீர்கள். கைக்குத் தமிழ் வேண்டுமா?

பின்னாலேயே ஐயாவின் மனைவி படியிறங்கி வந்துவிட்டார். வாசலில் நின்று பார்த்தார். என் கையிலிருந்து சீப்பை வாங்கி, அம்மாவுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து, சிக்கெடுத்து, சீவி, கொண்டை போட்டுவிட்டார். தன் தலையிலிருந்து இரண்டு ஊசியைக் கழற்றிக் குத்தினார். கிழிந்த இடம் மறைய முந்தானையை இழுத்துவிட்டார். பிறகு புருசனைப் பார்த்துச் சொன்னார்.

"இனி எடுக்கச் சொல்லுங்கோ."

ஐயா கேட்டார். படக்காரர் கேமராவைத் தட்டிக் காட்டினார். பிலிம் முடிந்துவிட்டதாம்.

அம்மா கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். காது இரண்டும் தெரிந்தது. தம்பி மூஞ்சியைத் துடைத்திருந்தாள். அந்த ஆள் குந்தியிருந்த இடத்தைப் பார்த்தபடி இருந்தாள். அந்த ஆள் கேட்டுக்கு வெளியே போயிருந்தார்.

ஒன்று கேட்கிறேன். ஐயாவின் வீடும் எரிந்தது. அவர் மனைவியும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தார். கேமரா ஏன் அந்தப் படியில் ஏறவில்லை?

*

தோட்டத்துக்குத் திரும்பின பிறகு ஒரு நாள் அம்மாவோடு கடைக்குப் போனேன். முஸ்லிம் நானா கடை, உங்களுக்குத் தெரியும். கருவாடும் சீனியும் வாங்கினோம். நானா பழைய பேப்பரை உருவி விரித்தார். கருவாட்டை வைக்கப் போனவர் நிறுத்திவிட்டார். பேப்பரையும் அம்மாவையும் பார்த்தார். அதை மடித்து ஒரு பக்கம் வைத்துவிட்டு வேறு தாளில் சுற்றினார். பிறகு மடித்ததைத் தலை குனிந்தபடி நீட்டினார்.

"தங்கச்சி, இது ஒங்கட படம். இதுல நான் சாமான் சுத்த மாட்டேன்."

அம்மா வாங்கிக்கொண்டாள். வீட்டுக்கு வந்து அடுப்பில் வைத்தாள். அன்றைக்கு ரொட்டி அந்த நெருப்பில்தான் சுட்டோம்.

அப்பா வேறு மாதிரி. அவர் எங்கேயோ இன்னொரு பேப்பர் சம்பாதித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தார். என் பொஞ்சாதி பேப்பர்ல வந்திருக்கா என்று கள்ளுத் தவறணையில் காட்டுவார். அதை இந்தியாக் கந்தோருக்கும் கொண்டுபோனார். படத்துக்குப் படம் இருக்குதே என்று நீட்டியிருக்கிறார். காது தெரியவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். அவரே வந்து சொன்னார். அம்மா பல நாள் அவரோடு பேசவில்லை. ஏன் என்று அவருக்குக் கடைசி வரைக்கும் தெரியாது. கப்பலும் பிறகு நின்றுபோனது.

அடுத்த வருசம் தொழிற்சங்கத்துக்காரர்கள் அந்தப் படத்தைக் கலண்டராக அடித்து லயம் லயமாகக் கொடுத்தார்கள். ஒவ்வொரு காம்பராவிலும் அம்மா தொங்கினாள். கிழிந்த சட்டையோடு, பன்னிரண்டு மாதமும். கருமாதி வீட்டுக்குப் போனாலும் அங்கே அவள். சடங்கு வீட்டுக்குப் போனாலும் அங்கே அவள். போகிற வீட்டிலெல்லாம் கலண்டரைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டுத்தான் பாயில் உட்காருவாள். திமிர் என்றார்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்கள்தான் சொன்னார்கள்.

சேலை கொடுக்க ஒரு கூட்டம் வந்தது. பேப்பரில் கையேந்தின பொம்பளை யார் என்று தேடி, அவளை முதலில் நிற்கவைத்து, அதே மாதிரிக் கையை நீட்டச் சொன்னார்கள். அம்மா கையைக் கட்டிக்கொண்டாள். சேலை அடுத்த ஆளுக்குப் போனது.

தம்பியைக் கேளுங்கள். பள்ளிக்கூடத்து அலுமாரிக் கதவில் அந்தப் படத்தை யாரோ ஒட்டியிருந்தார்கள். அவனுக்கு மீசை அரும்புகிற வயசு. இன்னும் பசிக்குதாடா, வீட்டுக்குப் போய்க் குடிச்சிட்டு வாடா என்று பையன்கள் கேட்பார்கள். அவர்களில் ஒருவன் பல்லைத் தம்பி உடைத்தான். அதோடு அவன் படிப்பு முடிந்தது. கேட்ட பையன்களில் இரண்டு பேர் இப்போது உங்கள் புத்தகக் குழுவில் இருக்கிறார்கள். பேர் சொல்லமாட்டேன். அவர்களுக்குத் தெரியும்.

*

கொஞ்ச வருசத்துக்கு முன்னால் திகனயில் முஸ்லிம்களின் கடைகளை எரித்தார்களே, அதில் நானாவின் மகன் கடையும் போனது. நானா கடையை அந்தப் பக்கம் மாற்றியிருந்தார். அவர் மௌத்தாகிவிட்டார், மகன்தான் நடத்தினார். வீடும் கடைக்கு மேலேதான்.

ஊரடங்கு எடுத்ததும் நம் ஆட்கள் அரிசி, பருப்பு என்று சேர்த்துக்கொண்டு போனார்கள். அம்மாவுக்கு அப்போது முட்டி வலி. நானும் வருவேன் என்று கிளம்பினாள். பையில் என்ன என்று பார்த்தேன். புதுச் சீப்பு, சவுக்காரம், ஊசி, தலைக்குப் போடக் கறுப்புத் துணி இரண்டு. அரிசி எல்லாரும் கொண்டு வருவாங்க என்றாள்.

நானாவின் மருமகள் பக்கத்து வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். தலையில் ஒரு ஆம்பளைச் சாரத்தைப் போட்டு மூடியிருந்தார். எதிரே நம் தோட்டத்துப் பையன் ஒருவன் போனைத் தூக்கிப் பிடித்து எடுத்துக்கொண்டிருந்தான். நல்ல பையன். அரிசி மூட்டையைத் தோளில் சுமந்து வந்தவன்தான். அம்மா போய் அவனுக்கும் அந்தப் பெண்ணுக்கும் நடுவில் நின்றாள். முதுகை அவன் பக்கம் காட்டிக்கொண்டு, பையிலிருந்த துணியை விரித்து இரண்டு கையாலும் பிடித்தாள். திரை மாதிரி. அந்தப் பெண் அதற்குப் பின்னால் தலையைச் சரிபண்ணிக்கொண்டார். அது வரைக்கும் அம்மா கையை இறக்கவில்லை.

பாட்டி, இதெல்லாம் வெளிய தெரியணும் என்று பையன் சொன்னான். எரிச்ச கடைய எடு, எரிச்சவன எடு என்றாள் அம்மா. திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்.

அவள் அந்தப் படத்தைப் பற்றி என்னிடம் பேசியது ஒரே ஒரு தடவைதான். நான் செத்தாலும் அதை வைக்காதே என்றாள். போன வருசம் போய்விட்டாள். மாலை போட்டு வைக்கிற பெரிய படத்துக்கு அடையாள அட்டையிலிருந்ததைப் பெரிதாக்கினோம். புள்ளி புள்ளியாக இருந்தது. காது இரண்டும் தெரிந்தது. இது எதுக்கு, அந்த நல்ல படம் இருக்கே என்று சாவு வீட்டில் உங்களில் ஒருவர் கேட்டார். பாடை எடுக்கிற நேரம். இப்போது சொல்கிறேன்.

அதற்குப் பிறகு கண்டியில் ஒரு மண்டபத்தில் படக் கண்காட்சி என்று பேத்தி கூட்டிக்கொண்டு போனாள். அங்கே எங்கள் கதவளவுக்கு அம்மா. முன்னால் சனம். கையில் தேத்தண்ணிக் கோப்பையும் ரோல்ஸும். தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்கிறார்கள். ஒருவர், வெளிச்சம் எவ்வளவு அழகாக விழுந்திருக்கிறது என்று சிநேகிதிக்குச் சொன்னார். அதே ச்சொச்சொச்சோ. நான் பக்கத்தில் போனேன். பேப்பரில் வெட்டிவிட்டிருந்த ஓரம் இதில் இருந்தது. அந்த ஓரத்தில் ஒரு சின்னக் கை. கையில் மஞ்சள் சீப்பு. கறுப்பு வெள்ளையில் மஞ்சள் தெரியாது. எனக்குத் தெரிந்தது.

நடத்துகிற பிள்ளையைக் கூப்பிட்டு, இது என்ன என்று காட்டிக் கேட்டேன். பாண் துண்டு என்று நினைத்தோம் அன்ட்ரி என்றது. சீப்பு என்றேன். நான் யார் என்று சொன்னேன். அந்தப் பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது. பொய்க் கண்ணீர் இல்லை. பிறகு போனை எடுத்து, படத்துக்குப் பக்கத்தில் நில்லுங்க அன்ட்ரி, ஒண்ணே ஒண்ணு என்றது. நான் மாட்டேன் என்றேன். ஆட்கள் பார்த்தால்தானே அன்ட்ரி மறக்க மாட்டாங்க என்று கேட்டது.

பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். இதுதான் பதில்.

மறக்கச் சொல்லவில்லை. எந்த நாளும் சொல்லமாட்டேன். ஆனால் அந்த மண்டபம் முழுக்கத் தேடினேன். அழுகிற பொம்பளை இருந்தாள், எரிந்த லயம் இருந்தது, செருப்பில்லாத பிள்ளை இருந்தது. தீப்பந்தம் பிடித்தவன் ஒருவனும் இல்லை. ஏவிவிட்டவன் இல்லை. பார்த்துக்கொண்டு நின்ற பொலிஸ் இல்லை. அவர்களுக்கும் காது இரண்டு இருந்திருக்கும். அவர்களை யாரும் நிற்கவைத்து எடுக்கவில்லை. பட்டவளின் மார்பை ஊருக்குக் காட்டினார்கள். செய்தவன் மூஞ்சி இன்றைக்கு வரைக்கும் யாருக்கும் தெரியாது. எதை நினைவு வைத்திருக்கிறீர்கள் நீங்கள்?

கொழும்புக்காரருக்குத் தெரியாது. மண்டபத்துப் பிள்ளைக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். எண்ணெய்ப் போத்தலுக்கு நின்றவர்கள் நீங்கள். காதை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றவர்கள் நீங்கள். உங்கள் அம்மாமாருக்குச் சீப்பு கிடைத்தது, அதனால் அவர்களை யாரும் எடுக்கவில்லை. தப்பித்தார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

அதனால் முடிவாகச் சொல்கிறேன். அட்டையில் அந்தப் படம் வந்தால் இந்த எழுத்து வரக்கூடாது. இதைப் போட்டால் அந்தப் படம் எந்தப் பக்கத்திலும் வரக்கூடாது. வெறும் அட்டையாகப் போடுங்கள். ஏன் வெறுமையாக இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு இதைப் படிக்கக் கொடுங்கள்.

போனில் வைத்திருக்கிறவர்கள் அழித்துவிடுங்கள். அழிக்க மனசில்லை என்றால், அழிப்பதற்கு முன்னால் ஒரு தடவை அந்தக் கையை மட்டும் பாருங்கள். அது கேட்கிற கை இல்லை. நிறுத்துகிற கை. அன்றையிலிருந்து நீட்டிக்கொண்டே இருக்கிறாள். ஒருத்தரும் நிற்கவில்லை.

நீங்களாவது நில்லுங்கள். அவள் தலை சீவிக்கொள்ளட்டும்.